இராமலிங்க சுவாமிகள் சரித்திரமும் வடலூர்த் தருமச்சாலையும்

சேலம் நகரினின்றும் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்று, ஆங்கிருந்து பின்னும் மேலேறிச் செல்வோர் சேர்வராயன் திருக்கோயிலை அடைவர். கடல்மட்டத்துக்கு 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தலைதாழ்த்தியன்றிப் புகவொண்ணாத ஒரு குகையே கருவறையாக, சேர்வராயரும் காவேரியம்மையும் உடனுறையும் இடம் அது. மே மாதத் திருவிழாவின்போது சுற்றுமலையூர்கள் அறுபதுக்கு மேற்பட்டவற்றினின்றும் மலையாளி மக்கள் அங்கே திரளுவர். மலையாளி என்றது ஈண்டு மலையில் வாழ்வாரைக் குறித்ததேயன்றிச் சேரநாட்டாரைக் குறித்ததன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்றும் வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவருள் மூத்தவர் வழியினரே இம்மலையில் தங்கினர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவர்.

சென்ற கோடையில் எம் அன்பர் சிலர், அத்திருவிழாவினை யொட்டி மலைமேல் வெட்டவெளியிலே ஆயிரவருக்கு அன்னம்பாலிக்க எண்ணினர். அரிசியும் பருப்பும் சேலத்திலேயே கொள்ளப்பட்டன, சமையற்காரரும் அமர்த்தப்பட்டனர். எல்லாம் முடிந்தபின்னரே ஒரு பிணக்கு எழுந்தது. மலைமக்களிற் பலர் புலால் உண்பவர். சிலர் தம் குலதெய்வத்துக்கு உயிர்ப்பலி கொடுப்பவர். அவரும் தீக்கை பெற்ற சிவனடியாரும் ஒரே பந்தியில் அமர்தல் தகுமோ என்று ஒரு சாரார் வினவினர். முன்னர் மாகேசுவர பூசையென அடியார்க்கு அமுதளித்துப் பின்னர் மிகுந்ததனைப் பிறர்க்கு வழங்குதலே முறையென்பது அவர் கருத்து. பசித்தவருள் முன்பின் வகுத்தல் ஆகாதென்பது மற்றவர் கருத்து. நூலறிந்தவர் என்று எம்மை நம்பி இருசாராரும் எம்மிடம் வந்தனர்.

யாம் உடனே விடைகூற மாட்டாதவராயினோம். எம் இளமையில் எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஆறுமுக நாவலர் மரபில் உறுதியாக நின்றவர். அவர் திண்ணையிலே திருவருட்பா என்ற பெயரைச் சொல்லுதலும் இயலாது. அப்பயிற்சியால் யாமும் நெடுங்காலம் அந்நூலைத் தொடாதிருந்தோம். ஐம்பது வயதுக்கு மேலேதான், ஒரு நண்பர் வற்புறுத்தலால், வடலூர் இராமலிங்க சுவாமிகள் இயற்றிய சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலைப் படித்தோம். அன்பர் பிணக்கைக் கேட்டபோது அந்நூலே எம் நினைவில் வந்து நின்றது. ஆதலின், தீர்ப்பொன்றும் கூறாது, அன்று மாலை அவர்களை இருத்தி அடிகளாரின் சரித்திரத்தைச் சொன்னோம். அதனையே ஈண்டு எழுதலுற்றாம்.

அடிகளார் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தில்லைக்கு வடமேற்கேயுள்ள மருதூரில் தோன்றினார். தந்தையார் இராமையா பிள்ளை, ஊர்க்கணக்கர், தாயார் சின்னம்மையார். ஐந்து மக்களுள் இவரே இளையவர். பிறந்த சில திங்களிலேயே தந்தையார் மறைந்தனர். அன்னையார் மக்களுடன் முதலிற் பொன்னேரிக்கும் பின்னர்ச் சென்னைக்கும் பெயர்ந்து, ஏழுகிணற்றுப் பகுதியில் குடியமர்ந்தார். மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவால் குடும்பத்தைத் தாங்கினார். இளையவரைக் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கல்விக்கு விடுத்தும், அவர் நாட்டமெல்லாம் கந்தகோட்டத்து முருகன் திருமுன்னிலையிலேயே இருந்தது. பள்ளிக் கல்வியில் அவர் நிலைபெற்றிலர்.

ஒருகால் தமையனார் நோயுற்றமையால், சோமு செட்டியார் என்பவர் இல்லத்தில் நிகழ்ந்த பெரியபுராணச் சொற்பொழிவுக்கு இச்சிறுவரே சென்று சம்பந்தர் புராணத்தை விரித்தனர் என்பதும், கேட்டோர் வியந்து தொடர்ந்து அவரையே வேண்டினர் என்பதும் பலரும் அறிந்தன. யாம் இதனைக் குறிப்பது அவரது இளமைத் திறத்தைப் புகழ்தற்கன்று. பெரியபுராணம் ஒருவகையிற் சோறளித்த வரலாறுகளின் கோவையாகவும் உள்ளது. நள்ளிரவு மழையில் விதைத்த நெல்முளையை வாரிவந்து விருந்தோம்பிய இளையான்குடி மாறர், பெற்ற மகன் அரவு தீண்டி மாண்டதனையும் மறைத்து அமுதிடத் துணிந்த அப்பூதியடிகள், வற்கடத்தில் அடியார் கூட்டத்தைத் தாங்கிய திருவீழிமிழலை மடங்கள் ஆகியவற்றை வயது முதிராப் பருவத்திலேயே நெஞ்சிற் பதித்த ஒருவர், பிற்காலத்தில் அடுப்பு மூட்டியது வியப்பன்று.

வீழிமிழலை வரலாற்றில் ஒரு நுட்பமுண்டு. இறைவன் நாவரசர்க்கும் ஞானசம்பந்தர்க்கும் நாள்தோறும் பொற்காசு வைத்தருளினான். அரசர் பெற்ற காசு குறைவின்றிச் செல்லுபடியாக, பிள்ளையார் பெற்ற காசோ வட்டங்கொடுத்து மாற்றவேண்டியதாயிற்று. அதனால் பிள்ளையார் மடத்தில் அமுது பொழுது தாழ்த்து நிகழ்ந்தது. அதனை அறிந்த பிள்ளையார் இறைவனையே பாடிக் குறையைத் தீர்த்துக்கொண்டார். சோறிடுவதில் பொழுது தாழ்தலும் ஒரு குறையே என்று சேக்கிழார் கருதியமை இதனாற் பெறப்படும். மலைமேற் சமைக்கச் சென்ற எம் அன்பர்க்கு இந்நுட்பம் பின்னர் நன்கு விளங்கிற்று, அது நிற்க.

1850ஆம் ஆண்டில் உறவினர் வற்புறுத்தத் தமக்கையார் மகள் தனக்கோடியை மணந்தும் அடிகளார் இல்வாழ்க்கையில் தோய்ந்திலர். இக்காலத்தே ஒழிவிலொடுக்கம் முதலிய நூல்களைப் பதிப்பித்தார். மனுமுறைகண்ட வாசகம் எழுதினார். திருவொற்றியூர் வழிபாடும் இடையறாது நிகழ்ந்தது. பின்னர்ச் சென்னையை விடுத்துத் தில்லை வழியே சென்று, 1858ஆம் ஆண்டளவிற் கருங்குழி என்னும் சிற்றூரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கே நீர் ஊற்றி விளக்கெரித்தார் என்னும் அற்புதத்தையே அன்பர் பெரிதும் எடுத்துரைப்பர். எமக்கு அவ்வாண்டுகளிற் பெரிதாகத் தோன்றுவது வேறு. நகரத்துச் செல்வர் இல்லங்களில் பேசிப் பழகியவர், தென்னார்க்காட்டு உழவர் நடுவே ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, மழை பொய்த்தலும் நெல்விலை ஏறுதலும் ஒரு குடியை எவ்வாறு சாய்க்கும் என்பதனைக் கண்ணெதிரே கண்டார். 1865ஆம் ஆண்டு சமரச வேத சன்மார்க்க சங்கம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு ஒரிசா நாட்டிற் பெரும்பஞ்சம்; சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலும் விளைவின்மையால் தவசவிலை ஏறிற்று.

இந்நிலையிலேதான் தருமச்சாலை எண்ணம் செயலாயிற்று. கருங்குழிக்கு அணித்தாகிய வடலூரில், பார்வதிபுரம் எனவும் வழங்கிய ஊரவர் 80 காணி நிலத்தை அடிகளாருக்கு எழுதிக்கொடுத்தனர். இக்காலக் கணக்கில் அது ஏறத்தாழ 106 ஏக்கர். இடத்தேர்வு எமக்குப் பெரிதும் நினைக்கத்தக்கதாய்த் தோன்றுகின்றது. சென்னையினின்று கும்பகோணம் செல்லும் பெருவழியும், மஞ்சக்குப்பத்தினின்று விருத்தாசலம் செல்லும் பெருவழியும் வடலூரிற் சந்திக்கின்றன. வழிநடப்போர், கூலிதேடிப் பெயர்வோர், தில்லைக்குச் செல்லும் யாத்திரிகர், வண்டிக்காரர் ஆகிய அனைவரும் கடக்கும் கூட்டுவழி அது. பெரிய ஆலயத்தின் மதிலருகே சாலை அமைத்திருப்பின் ஆலயத்துக்கு வருவாரே உண்டிருப்பர். பெருவெளியில் அமைத்தமையால் பசித்து வழிநடப்பாரெல்லாம் வந்து உண்ண வாய்த்தது. மதில் இல்லாமை அச்சாலைக்கு முதற்சிறப்பு என்போம்.

1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், பிரபவ ஆண்டு வைகாசித் திங்கள் 11, வியாழக்கிழமை, சாலை தொடங்கப்பெற்றது. அப்போது மாடமாளிகை ஒன்றும் எழவில்லை. கூரை வேய்ந்த கொட்டகையே சாலை. அடுப்பில் முதற்றீயை அடிகளாரே மூட்டினார். அன்று சீவகாருணிய ஒழுக்கத்தின் ஒரு பகுதியும் அவை முன் படிக்கப்பட்டது. ஓர் அறச்செயலைத் தொடங்குநாளில் அதன் காரணத்தையும் நூலாக எழுதிக் கேட்பித்தல் அரிது. செல்வர் பலர் அன்னசத்திரம் கட்டியதுண்டு. கல்லில் தம் பெயரும் பொறித்ததுண்டு. ஏன் சோறிடுகின்றோம் என்பதனை உண்பாரும் இடுவாரும் ஒருங்குகேட்க விளக்கியவரை யாம் கண்டிலேம்.

அந்நூலின் பொருளைச் சுருங்கக் கூறுவாம். எல்லா உயிரும் ஒரே இறைவனால் தரப்பட்டமையால் ஓருரிமை உடையன. ஓருயிர் வருந்தக் கண்டால் மற்றோர் உயிர் இளகுதல் அவ்வுரிமையினால் நிகழ்வது. துன்பங்களுள் எல்லாம் பசியே கொடிது, என்னை? பிற துன்பங்களைத் தாங்குதற்கு வேண்டும் அறிவையும் அது முதலிலேயே மறைத்துவிடுதலின். பசியால் உடலும் கரணங்களும் படிப்படியாகச் சோர்ந்து உயிர்க்குள் விளங்கும் கடவுள் விளக்கமும் மங்குதலை அவர் நாடிபிடித்துப் பார்த்த மருத்துவர்போல வரிசையாகக் காட்டுகின்றார். உண்பித்தலோ அவ்விளக்கம் மீளத் தழைக்கச் செய்தலாதலின் அதுவே வழிபாடாம் என்பது முடிபு. இரக்க நாணி வாய்திறவாது கிடக்கும் மானமுடையாரையும் அவர் மறந்திலர். வந்து கேட்பார்க்கு மட்டும் இடுதல் எளிது. கேளாதாரைத் தேடி அறிதல் அரிது.

எம் பிணக்குக்கு நேரான விடையும் அங்கே உண்டு. பசித்தவர்க்கு உணவளிக்குங்கால் தேசம், சமயம், சாதி, நடை ஆகியன பற்றி ஆராய்தல் வேண்டா என்பது அவர் விதி. புலாலுண்பாரை அவர் தம் சன்மார்க்கத்துக்குப் புறத்தவர் என்றே கொண்டார். இதில் அவர் கொண்ட உறுதி நம் மடங்களின் உறுதிக்குச் சிறிதும் குறைந்ததன்று. பின்னர் எழுப்பிய ஞானசபையில் அத்தகையார்க்கு வரம்பும் வகுத்தார். ஆயினும் அவருக்கும் பசிநீக்குதல் கடனென்று தெளிவாகக் கூறினார். சபையில் வரம்பு, சாலையில் வரம்பின்மை என்னும் இவ்விரண்டையும் ஒருவரே ஒருங்குகொண்டமையை உணராதார், ஒருசாரார் அவரை ஆசாரமற்றவர் என்றும், மற்றொரு சாரார் ஆசாரமே வேண்டாதவர் என்றும் கூறித் திரிவர்.

சாலையின் நடைமுறையைப் பற்றியும் சில சொல்லல் வேண்டும். நாள்தோறும் சோறிடுதல் திருநாளில் சோறிடுதல் போன்றதன்று. திருநாளுக்குக் கொடுப்போர் பலர், ஊக்கமும் மிகும். நாற்பதாம் நாள் விறகு யார் தருவார்? அடிகளார் அன்பர்களிடம் பொருளாகவும் தவசமாகவும் இயன்ற அளவு பெற்றார். சாலையிலேயே பெரும்பாலும் உறைந்து, அன்பரை நிருவாகத்தில் அமர்த்தினார். தாம் உண்டது மிகச் சிறிதே. ஒருகால் அரிசி முற்றும் தீர்ந்து நிருவாகத்தார் கலங்கியபோது, நாளை வருமென அடிகளார் தேற்ற, மறுநாள் அயலூர் அன்பர் ஒருவர் வண்டிகளில் அரிசி கொண்டுவந்து இறக்கினார் என்று வழங்குவர். இதனை அற்புதமெனக் கொள்வார் கொள்க. அயலூரார் ஒருவர் ஏவுவாரின்றி வண்டி பூட்டுமளவுக்கு அவ்வறம் ஊர்தோறும் நெஞ்சிற் பதிந்திருந்தது என்று கொள்ளினும் அதன் பெருமை குறையாது. சமரச வேத தருமச்சாலை என்ற முதற்பெயர் 1872இல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய தருமச்சாலை என மாறிற்று. அடுப்பு மாறவில்லை. ஏறத்தாழ 21 அடி நீளமுள்ள அவ்வடுப்பு அன்று தொட்டு அணையாது காக்கப்பட்டு வருகின்றது. இன்றும் மூன்று வேளையும் அங்கே சோறு கிடைக்கும்.

இனிச் சைவ நூலுணர்ந்தோர் எழுப்பும் தடையைக் காண்போம். எளிதில் ஒதுக்கத்தக்க தடை அன்று அது. சிவனை நோக்கிச் செய்வது சிவபுண்ணியம். நோக்காது செய்வது பசுபுண்ணியம். சிவபுண்ணியம் ஞானத்துக்கு ஏதுவாக வளரும். பசுபுண்ணியம் தன் பயனாகிய போகத்தைக் கொடுத்து அழியும். குரு, இலிங்க, சங்கமம் என்னும் மூன்றனிடத்தும் செய்வதே முன்னையது. வேடமும் தீக்கையும் இல்லாத திரளுக்குச் சோறிடல் நற்செயலே ஆயினும் பின்னையதன்றோ? எம் ஆசிரியர் இவ்வாறே கூறுவர். யாமும் முப்பதாண்டு மாணவர்க்கு இவ்வாறே கூறினோம்.

இப்போது எமக்குத் தோன்றுவது இது. சிவபுண்ணியம் சிவபுண்ணியமாவது செய்வான் உணர்வினாலேயே. மகேசுவரனைக் கருதாது பத்து அடியார்க்குப் புகழ்கருதிப் படைத்தவன் செய்தது யாது? உயிர்க்குயிராய் இறைவன் எவ்வுயிரிலும் பிரிவற நிற்கின்றான் என்பது சித்தாந்தத்தின் அத்துவித முடிபு. திருமூல நாயனாரும் ஆலயத்தில் எழுதிய உருவுக்கு இடுவது மக்களைச் சேராது என்றும், மக்களாகிய கோயிலுக்கு இடுவது இறைவனைச் சேரும் என்றும் உணர்த்தினார். ஆண்டு அவர் அடியாரையே கருதினார் என உரைகொள்வாருளர். அவ்வுரையை யாம் மறுக்கவில்லை. திருவேடத்தைச் சிவமெனவே காண்க என்ற விதி மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றால் நிலைபெற்றது. அவ்விதி வேடமில்லார் பசித்திருப்பக் காண்க என்று விலக்கியதாகாது. அவ்வுயிருள் இறைவன் விளக்கம் பசியால் மங்குகின்றது என்றுணர்ந்து இடுவானுடைய உணர்வு சிவத்தை நோக்கியதே. மடத்து அறிஞர் இதனை ஆராய்ந்து மாறுகூறுவாராயின் கேட்கச் சித்தமாயிருக்கின்றோம்.

அடிகளாரை முழுதும் நம்மவராக்கிக் கொள்ளுதலும் நேர்மையன்று. முதல் ஐந்து திருமுறைகளில் ஒற்றியூரும் தில்லையும் நால்வர் பெருமையும் நிறைந்திருப்ப, ஆறாம் திருமுறையிலும் 1873ஆம் ஆண்டுப் பேருபதேசத்திலும் அவர் சமயப்பற்றைக் கடந்து நின்றதனைத் தாமே வெளிப்படையாக உரைத்தார். அவ்விடத்தே யாம் அவருடன் செல்லமாட்டோம்.

1867ஆம் ஆண்டு தொடக்கத்தில் தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் நான்கு திருமுறைகளையும் அச்சிட்டு வெளியிட்டார். அவற்றிற்கு அருட்பா என்றும் திருமுறை என்றும் பெயரிட்டமையே பெரும்பூசலுக்கு வித்தாயிற்று. தேவார திருவாசகங்களுக்கே உரிய பெயரைப் பிற்காலத்தார் பாட்டுக்கு இடலாகாது என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக நூல்கள் எழுந்தன. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. இருவரும் மறைந்து இருபதாண்டுக்குப் பின்னும் கதிரைவேற் பிள்ளையும் மறைமலையடிகளும் அப்பூசலைத் தொடர்ந்தனர். நாவலர் எழுப்பிய தடை மரபின் எல்லையைக் காத்தற்பொருட்டு எழுந்ததென்றே இன்றும் கருதுகின்றோம். ஆனால் அவர் மாணவர் வழியினராகிய யாங்கள் அத்தடையை நூற்பெயரோடு நிறுத்தாது, சாலையின்மீதும் அடுப்பின்மீதும் பரப்பினோம். அது எங்கள் பிழை.

நாவலரே அவ்வாறு செய்யார் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் வாந்திபேதியும் பரவியபோது, நாவலர் பொருள் தொகுத்து வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளை ஊட்டினார். தொட்டிக்கு வந்தாரிடம் அவர் தீக்கையைக் கேட்டிலர். எம் ஆசிரியர் நாவலரின் வசனநடையைப் பற்றி நாள்முழுதும் பேசுவார். கஞ்சித்தொட்டியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. வடலூர் அடுப்பையும் வண்ணார்பண்ணைத் தொட்டியையும் ஒருங்குவைத்து நோக்க எமக்கு அறுபது வயது ஆகவேண்டியிருந்தது.

அடிகளாரின் இறுதிக்காலத்தை விரைந்து கூறுவோம். 1870இல் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்துக்குப் பெயர்ந்தார். 1872 சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் சோதி வழிபாடு தொடங்கிற்று. 1874 சனவரி 30ஆம் நாள் இரவு தம் அறையிற் புகுந்து கதவடைத்துக்கொண்டவர் மீளக் காணப்பட்டிலர். இதன் உண்மை பற்றிப் பலரும் பலபடப் பேசுவர், யாம் பேசுதற்கில்லை. அவர் தோன்றிய நாளைத் தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு தனிப்பெருங்கருணை நாளென அறிவித்தது.

அவர் மறைந்த இரண்டாண்டில் தென்னாட்டைப் பெரும்பஞ்சம் சூழ்ந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த அதனைத் தாது வருடப் பஞ்சம் என்பர். சேர்வராயன் மலையைத் தன்னகத்தே கொண்ட சேலம் மாவட்டம் அதனால் மிகக் கொடிதாகத் தாக்குண்டது. 1871ஆம் ஆண்டுக் கணக்கில் இருபது இலட்சத்தை அணுகியிருந்த அம்மாவட்டத்து மக்கட்டொகை, 1881ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழப் பதினாறு இலட்சமாகச் சுருங்கிற்று. அரசினர் நிவாரண வேலைக்கு வந்தார்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தவசத்துக்குரிய கூலியே போதுமெனக் குறைத்ததும் அப்போதே. அம்மூன்றாண்டும் வடலூர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சேலத்துக்கும் அத்தகைய அடுப்பொன்று வாய்த்திருப்பின் எத்துணை உயிர் எஞ்சியிருக்கும் என்று எண்ணாதிருக்க எம்மால் இயலவில்லை. நம் மடங்களின் நெற்களஞ்சியங்கள் அக்காலத்து நிறைந்திருந்தனவோ வறண்டிருந்தனவோ, அதனை அவ்வம் மடத்தார் தத்தம் பழங்கணக்கைப் புரட்டிக் காண்பாராக.

இவ்வளவும் கேட்டபின் அன்பருள் இருவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளாது மலையினின்றும் இறங்கினர். அவர்மேல் எமக்கு வருத்தமில்லை. யாம் முப்பதாண்டு கற்பித்ததனையே அவர் கூறினர்.

எஞ்சியோர் விடியற்கு நான்கு நாழிகை முன்னரே அடுப்பு வெட்டினர். தரை ஈரம்; மூடுபனியில் விறகும் நனைந்திருந்தது. எட்டுப்பேருக்கு ஒரு கிலோ அரிசி எனக் கணக்கிட்டு உலையேற்றினர். சமவெளியில் வடிக்கும் நேரம் ஆகியும் சோறு பதம்வரவில்லை. சமையற்காரர் அரிசியைப் பழித்தார். குறை அரிசியினதன்று, அவ்வுயரத்தில் நீர் தொண்ணூற்றைந்து பாகை வெம்மையிலேயே கொதித்துவிடுமாதலின் அரிசி வேகப் பொழுது நீளும். மலையூர்ப் பெண்டிர் சிலர் இதனைக் கண்டு நகைத்து, தாமே முன்வந்து, அண்டாக்களை மூடிக் கல்லேற்றித் தணலை ஒதுக்கித் தந்தனர். அவர்தம் ஊராளி ஒருவர் சாமையரிசி மூட்டை இரண்டும் பலாப்பழங்களும் சுமப்பித்துக் கொணர்ந்து, விருந்தில் தம் பங்கும் இருத்தல் வேண்டுமென்றார். அதனை ஏற்றபின் இடுவார் யார், உண்பார் யார் என்று வகுக்க இயலாதாயிற்று.

முதற்பந்தி நண்பகல் கடந்தே அமர்ந்தது. மந்தாரை இலைகள் காற்றிற் பறவாதிருக்க ஒவ்வோர் இலைமேலும் ஒரு கூழாங்கல் வைத்தனர். யாம் எம் கமண்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மலையாளிக் கிழவர் ஒருவருக்கும் சேலத்து ஓதுவார் ஒருவருக்கும் நடுவே அமர்ந்தோம். மழைத்தூறல் விழுந்தபோது எவரும் எழுந்திலர். நான்காம் பந்தியில் பருப்பு தீர்ந்தது; சாமைச்சோறும் மோருமே எஞ்சின. இலை எண்ணியவர் ஆயிரத்துக்கு மேல் எண்ணி, பின்னர் எண்ணுவதை விட்டுவிட்டு மோர்ப்பானையைத் தூக்கச் சென்றுவிட்டார்.